அப்பாவைக் கூட்டிட்டு வா!

தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களில் பிரம்பை விடப் பயங்கரமான ஒரு வாக்கியம் உண்டு. "நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வா. இல்லேன்னா கிளாஸுக்குள்ள வராதே!" தென்காசிப் பக்கமும் இதே வாக்கியம்தான். முன்னால் ஒரு 'லேய்' சேர்ந்திருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இதைக் கேட்ட ஆறாங்கிளாஸ், ஏழாங்கிளாஸ் பையன் என்ன செய்வான்? இரண்டு நாளைக்குப் பள்ளிக்கூடம் பக்கமே போகமாட்டான். பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, குளத்தங்கரையில் பொழுதைப் போக்கிவிட்டு, சரியாக மணி அடிக்கிற நேரத்துக்கு வீட்டுக்கு வருவான். இல்லையென்றால் சைக்கிள் கடை அண்ணனிடம் கெஞ்சிக் கூத்தாடி, அவரைச் 'சித்தப்பா' ஆக்கிக் கூட்டிவருவான். சித்தப்பாவும் வந்து நாலு பேர் முன்னால் பையன் முதுகில் ரெண்டு வைத்துவிட்டு, "இனிமே ஒழுங்கா இருப்பான் சார்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்.

சிரித்தாச்சா? இப்போது கொஞ்சம் யோசியுங்கள். பெற்றோர் பள்ளிக்கு வருவது இங்கே தண்டனைப் பட்டியலில் இருக்கிறது. முட்டி போடுவதற்கு அடுத்த படி, டி.சி. கொடுப்பதற்கு முந்தின படி. "உங்க பொண்ணு இந்த மாசம் ஒரு நாள்கூட லீவு போடலை, வாங்க பேசுவோம்" என்று எந்த அம்மாவையாவது யாராவது கூப்பிட்டிருக்கிறார்களா?

இப்படித் தண்டனையாகவே கூப்பிட்டுப் பழகிய பள்ளிகள்தான் அடுத்த மூச்சில் சொல்கின்றன: "பேரண்ட்ஸ் யாரும் வர்றதே இல்லீங்க. படிக்காத ஜனங்க. பிள்ளைங்க மேல அக்கறையே கிடையாது."

இந்தப் புகார் பொய். அதிலும் தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் இதைச் சொல்பவர்களுக்கு ஊரின் கடிகாரமே தெரியாது என்று அர்த்தம்.

யார் அந்த அக்கறை இல்லாத பெற்றோர்?

2019 நவம்பர் 22ஆம் தேதி திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆனது தென்காசி. கோயில், அருவி, சாரல் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்த தென்காசி ஒன்று. ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த தென்காசி வேறு. ஆலங்குளம், கடையம், கீழப்பாவூர் பக்கம் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் திண்ணையில் மடியில் சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றும் பெண்களைப் பார்க்கலாம். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. நாள் சம்பளம் கிடையாது, மாதச் சம்பளம் கிடையாது, எழுந்து போன நேரத்துக்குக் காசும் கிடையாது. சுற்றி முடித்ததைக் கடையில் கொண்டுபோய்க் கணக்குக் கொடுத்தால்தான் அன்றைய கூலி.

பிற்பகல் மூன்று மணிக்குக் கூட்டம் என்று பள்ளி சொன்னால் அந்த அம்மாவுக்கு அது என்ன நேரம்? அன்றைய கணக்கை முடிக்க வேண்டிய நேரம். பி.காம். முதல் வருடத்திலேயே 'வாய்ப்புச் செலவு' என்று ஒன்று சொல்லித்தருவார்கள். ஒன்றைச் செய்வதற்காக எதை விட்டுக்கொடுக்கிறோமோ அதுதான் அதன் உண்மையான விலை. அரசு அலுவலருக்கு இந்தக் கூட்டத்தின் விலை ஒரு பர்மிஷன். பீடி சுற்றும் அம்மாவுக்கு அரை நாள் கூலி. ஒரே கூட்டம்தான், டிக்கெட் விலை மட்டும் ஆளுக்கு ஆள் வேறு!

குற்றாலத்துக்கு வாருங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சீசன். ஆட்டோ ஓட்டுபவர், லாட்ஜில் அறை சுத்தம் செய்பவர், எண்ணெய் தேய்த்துவிடுபவர், துண்டு விற்பவர், பழக்கடை, சிப்ஸ் கடை, ஓட்டல் வேலைக்காரர் எல்லோருக்கும் வருடச் சம்பாத்தியத்தில் பெரும்பங்கு அந்த மூன்று மாதத்தில்தான். பள்ளி திறப்பதும் ஜூனில்தான். வருடத்தின் முதல் பெற்றோர் கூட்டம், முதல் தேர்வு, முதல் ரேங்க் கார்டு எல்லாம் வந்து விழுவது சரியாகச் சீசன் நடுவில். வயிற்றுப்பாடு இருக்கிற எந்த மனிதனும் அந்த நேரத்தில் கடையைப் பூட்டிவிட்டு மரத்தடிக் கூட்டத்துக்கு வரமாட்டான். இதற்குப் பெயர் அக்கறையின்மை என்றால், தீபாவளி வாரத்தில் ஜவுளிக்கடை முதலாளி கூட்டத்துக்கு வராததற்கும் அதே பெயர்தான் வைக்க வேண்டும்.

மூன்றாவது ரகம், ஊரிலேயே இல்லாத அப்பாக்கள். செங்கோட்டையைத் தாண்டிக் கேரளாவில் வேலைக்குப் போனவர்கள், கடையநல்லூரிலிருந்து வளைகுடாவுக்குப் போனவர்கள். இவர்களை "அப்பாவைக் கூட்டிட்டு வா" என்றால் பையன் எங்கிருந்து கூட்டிவருவான்? விசா எடுத்தா?

சட்டம் என்ன சொல்கிறது?

பெற்றோருக்குச் சொல்வது ஏதோ ஆசிரியரின் பெருந்தன்மை என்றுதான் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். பிரிவு 24, ஆசிரியரின் கடமைகள். அதில் ஒன்று: பெற்றோருடன் முறையாகக் கூட்டங்கள் நடத்த வேண்டும், பிள்ளையின் வருகை, கற்கும் திறன், படிப்பில் முன்னேற்றம், மற்ற முக்கியத் தகவல்கள் ஆகியவற்றை அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். சட்டத்திலேயே இருக்கிறது.

அதே சட்டத்தில் பெற்றோருக்கும் ஒரு கடமை உண்டு, பிரிவு 10. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது. தென்காசியின் பீடித் தொழிலாளி அதைச் செய்துவிட்டார். அவர் பங்கு பாக்கி இல்லை. பாக்கி இருப்பது பிரிவு 24.

பிரிவு 21 இன்னும் ஒரு படி மேலே போகிறது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளி எப்படி நடக்கிறது, பணம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பதும் பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும் இவர்கள் வேலை. தமிழ்நாட்டில் பல வருடம் இது காகிதத்தில் தூங்கியது. 2022இல் அரசு எழுப்பி உட்காரவைத்தது. அந்த வருடம் மார்ச் 20ஆம் தேதி மாநிலம் முழுக்க அரசுப் பள்ளிகளில் பெற்றோரைக் கூப்பிட்டார்கள், லட்சக்கணக்கில் வந்தார்கள். பிறகு 20 பேர் கொண்ட குழுக்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. தலைவர் ஒரு மாணவரின் தாய். 2024இல் மறுபடியும் மாற்றியமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். நல்ல விஷயம், பாராட்ட வேண்டியதுதான்.

ஆனால் ஒரு சின்ன விவரத்தைக் கவனியுங்கள். அந்த 2022 மார்ச் 20 என்ன கிழமை? ஞாயிறு! அதனால்தான் ஜனம் வந்தது. குழு அமைந்த பிறகு மாதாந்திரக் கூட்டம் என்றைக்கு வைத்தார்கள்? வெள்ளிக்கிழமை பிற்பகல். பீடிக்காரருக்குக் கணக்கு நேரம். குற்றாலத்தில் வார இறுதிக் கூட்டம் வந்து இறங்க ஆரம்பிக்கிற நேரம். அப்புறம் "குழு உறுப்பினர்களே வருவதில்லை" என்று ஒரு குறிப்பு. கையெழுத்து வாங்க நோட்டு வீடு தேடிப் போகும். தகவல் போகாது.

பங்குதாரருக்கு உள்ள மரியாதை

ஒரு கம்பெனியில் நூறு ரூபாய்க்கு ஒரே ஒரு ஷேர் வைத்திருப்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். 2013 கம்பெனிகள் சட்டப்படி, பொதுக்கூட்டத்துக்கு அவருக்கு முழுசாக 21 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். என்ன பேசப்போகிறோம் என்று எழுதித் தர வேண்டும். அவரால் வர முடியாவிட்டால் தனக்குப் பதிலாக இன்னொருவரை அனுப்பலாம், அதற்குப் படிவம்கூடக் கூடவே வரும்.

பெற்ற பிள்ளையையே முதலீடு செய்திருக்கிற அம்மாவுக்கு? முந்தின நாள் சாயங்காலம் பையன் சொன்னால் உண்டு. "நாளைக்கு மீட்டிங்காம்." எதுக்கு? "தெரியலை." வர முடியாமல் ஆச்சியை அனுப்பினால், "ஏன், அம்மா வரமாட்டாங்களோ?" என்று ஆச்சிக்கு ஒரு திட்டு. நூறு ரூபாய் ஷேருக்கு உள்ள மரியாதை பிள்ளைக்கு இல்லை!

இது இன்று நேற்று வந்த பழக்கமும் இல்லை. தமிழ்நாட்டில் பெற்றோரைப் பள்ளிக்கு அழைப்பது என்றாலே 'கொடுங்கள்' என்று கேட்பதற்குத்தான். காமராஜர் முதல்வராக இருந்தபோது, நெ.து.சுந்தரவடிவேலு இயக்குநராக இருந்து 1958 முதல் நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் உண்மையிலேயே பெரிய சாதனை. ஊர் மக்கள் பெஞ்சு கொடுத்தார்கள், நிலம் கொடுத்தார்கள், கட்டடம் கொடுத்தார்கள். படிக்காத ஜனத்துக்கு அக்கறை இல்லை என்பவர்கள் அந்த வரலாற்றைப் படிக்க வேண்டும். ஆனால் கொடுத்தவர்களுக்குக் கேள்வி கேட்கும் வழக்கத்தை யாரும் கற்றுத்தரவில்லை. பிறகு வந்த பெற்றோர் ஆசிரியர் கழகமோ, கேட்டுப் பாருங்கள், பத்தாவது பன்னிரண்டாவது படித்த யாருக்கும் பி.டி.ஏ. என்றால் வினா வங்கிப் புத்தகம்தான் ஞாபகம் வரும். கழகத்தில் பெற்றோர் என்ன பேசினார்கள் என்று ஒருவருக்கும் ஞாபகம் வராது :-)

ஏன் நடுநிலைப் பள்ளி?

சரி, பத்தாவது பன்னிரண்டாவது பெற்றோரைக் கூப்பிடுகிறார்களே என்பீர்கள். கூப்பிடுவார்கள். ரிசல்ட் சதவீதம் பள்ளியின் மானப் பிரச்சினை. ஒன்றாவது இரண்டாவது பெற்றோரும் வருவார்கள், கையைப் பிடித்து வாசலில் விடுகிறவர்கள். நடுவில் ஆறு, ஏழு, எட்டு. பிள்ளை தானாகவே சைக்கிளில் போய்விடும். பொதுத்தேர்வு இல்லை. 2019இல் ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் 2020 பிப்ரவரியில் ரத்து செய்தார்கள். ரத்து செய்தது சரிதான், பதின்மூன்று வயதுப் பிள்ளையை ஃபெயிலாக்கி வீட்டுக்கு அனுப்புவது கல்வி ஆகாது. ஆனால் தேர்வு இல்லாத இடத்தில் பெற்றோருக்குத் தகவல் இருந்தே ஆக வேண்டும். இரண்டும் இல்லையென்றால் எட்டு வரை 'பாஸ்' என்று கேட்டு நிம்மதியாக இருந்த வீட்டில், ஒன்பதாம் வகுப்பில்தான் இடி விழும். பையனுக்கு வாசிக்கவே திணறுகிறது என்று அன்றைக்குத்தான் அம்மாவுக்குத் தெரியும்.

குற்றாலம் மெயின் அருவியில் ஒரு பாதுகாப்பு வளைவு இருக்கிறது. தண்ணீர் அந்த ஆர்ச்சைத் தாண்டி விழுந்தால் ஆபத்து, குளிக்கத் தடை, போலீஸ் விசில் அடித்து எல்லோரையும் வெளியேற்றிவிடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட அந்த ஆர்ச்சைப் பார்த்தே புரிந்துகொள்வார். பிள்ளையின் படிப்புக்கு அப்படி ஓர் ஆர்ச் எங்கே இருக்கிறது?

ரேங்க் கார்டா? 2012-13இல் முப்பருவ முறை வந்தபோது மார்க் போய் கிரேடு வந்தது. சி-1 என்றால் 51 முதல் 60 வரை. அதைப் பீடி சுற்றும் அம்மாவிடம் நீட்டினால் அவர் யாரிடம் அர்த்தம் கேட்பார்? அதே பையனிடம். "சி-1ன்னா நல்ல மார்க்கும்மா, கையெழுத்துப் போடு." குற்றவாளியே மொழிபெயர்ப்பாளர்!

இதில் பணமும் இருக்கிறது. எட்டாம் வகுப்பில் அரசு, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தேசிய வருவாய் வழித் திறன் தேர்வு என்று ஒன்று நடக்கிறது, என்.எம்.எம்.எஸ். என்பார்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருடத்துக்கு 12,000 ரூபாய், மொத்தம் 48,000. எழுதத் தகுதி? ஏழாம் வகுப்பில் 55 சதவீதம், பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 50. அதாவது யாருமே சீரியஸாக எடுத்துக்கொள்ளாத ஏழாங்கிளாஸ் மார்க்கில் 48,000 ரூபாய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கோடு 55இல், கிரேடு 51 முதல் 60 வரை ஒரே எழுத்து. தன் பிள்ளை கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று அந்த எழுத்தைப் பார்த்து ஒரு தாய் எப்படிக் கண்டுபிடிப்பார்? எட்டாவதில் கேள்விப்படும்போது ஏழாவது முடிந்துபோயிருக்கும்.

இன்னொன்று. 2020இல் வந்த 7.5 சதவீத மருத்துவ உள் ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. (எட்டு வரை கல்வி உரிமைச் சட்ட இடத்தில் தனியாரில் படித்து, பிறகு அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் உண்டு.) 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் இதே மாதிரி வந்தது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய்க்கும் அளவுகோல் அதே ஆறு முதல் பன்னிரண்டுதான். எல்லாக் கணக்கும் ஆறாம் வகுப்பிலிருந்துதான் ஓடத் தொடங்குகிறது. சரியாக அந்த ஆறாம் வகுப்பில்தான், வட்டிக்கு வாங்கியாவது 'இங்கிலீஷ் ஸ்கூலில்' சேர்க்கலாம் என்று குடும்பங்கள் முடிவெடுக்கின்றன. சேர்ப்பது அவர்கள் உரிமை. எதை விட்டுக்கொடுத்துச் சேர்க்கிறோம் என்று தெரிந்து சேர்க்க வேண்டாமா? அதைச் சொல்ல வேண்டியது ஐந்தாம் வகுப்பு டீச்சரா, ஆறாம் வகுப்பு டீச்சரா? யாரும் சொல்வதில்லை.

பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கென்றே மத்தியத் தொழிலாளர் நலத் துறை கல்வி உதவித்தொகை தருகிறது. ஆன்லைனில், குறிப்பிட்ட தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தேதி தெரிந்த வீட்டுக்குப் பணம், தெரியாத வீட்டுக்கு அடுத்த வருடம்.

தனியார் பள்ளியில் எல்லாம் சரியா?

அங்கே தகவலுக்குப் பஞ்சமில்லை, வெள்ளம். தினமும் வாட்ஸ்அப்பில் இருபது செய்தி. ஃபீஸ் கட்டக் கடைசி நாள், கலர் டிரஸ் நாள், சார்ட் பேப்பர் வாங்கி அனுப்புங்கள். எல்லாம் 'டியர் பேரண்ட்' என்று ஆரம்பிக்கும் ஆங்கிலம். அப்பாவும் அம்மாவும் ஆங்கிலம் தெரியாததால்தான் பிள்ளையை அங்கே சேர்த்தார்கள் என்பது மட்டும் பள்ளிக்கு மறந்துவிடும். பிள்ளை மூன்று வாரமாக யாரோடும் பேசாமல் ஓரமாக உட்கார்ந்திருக்கிறது என்ற ஒரு செய்தி அந்த இருபதில் இருக்காது.

எதிர்க்கட்சி வாதம்

"ஆசிரியருக்கு ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை. எமிஸ் பதிவு, கணக்கெடுப்பு, இதில் கூட்டம் வேறா?" நியாயமான கேள்வி. பதில், பெற்றோரைச் சந்திப்பதையும் வேலை நேரமாகக் கணக்கில் எடுங்கள். ஞாயிறு வந்தால் இன்னொரு நாள் ஈடு விடுப்பு கொடுங்கள். கணினியில் எண்ணைத் தட்டுவது வேலை, அம்மாவோடு பத்து நிமிஷம் பேசுவது வேலை இல்லை என்று யார் முடிவு செய்தது?

"பெற்றோரை உள்ளே விட்டால் சண்டை, அரசியல்." பையன் மண்டை உடைந்த பிறகு மட்டும் கூப்பிட்டால் சண்டை போடாமல் பூச்செண்டா கொடுப்பார்கள்? நல்ல நாளில் நாலு தரம் பேசியிருந்தால் கெட்ட நாளில் நிதானமாகப் பேசுவார்கள்.

"கூப்பிட்டாலும் வரமாட்டார்கள்." டெல்லியில் 2016 ஜூலை 30, ஒரு சனிக்கிழமை, எல்லா அரசுப் பள்ளிகளிலும் மெகா பெற்றோர் சந்திப்பு வைத்தார்கள், விளம்பரம் கொடுத்து அழைத்தார்கள். கூலித் தொழிலாளிகள் வரிசையில் நின்று டீச்சரிடம் பேசினார்கள். மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் 'கிளாஸ் பி.டி.ஏ.' என்று வகுப்பு வாரியாகவே கூடுகிறார்கள். செங்கோட்டையில் ரயில் ஏறினால் எட்டிவிடுகிற தூரம்தான்.

அப்போ என்னதான் செய்வது?

1. கூட்ட நேரத்தைப் பள்ளி முடிவு செய்யக் கூடாது. ஜூன் முதல் வாரமே பெற்றோரிடம் கேளுங்கள். ஞாயிறு காலையா, ராத்திரி ஏழு மணியா? சீசன் ஊருக்குச் சீசன் கணக்கு, பீடி ஊருக்குப் பீடிக் கணக்கு.

2. பதினைந்து நாள் முன்னறிவிப்பு, என்ன பேசப்போகிறோம் என்ற விவரத்தோடு. ரேஷன் கடை, பீடிக் கடை, டீக்கடையில் தமிழில் ஒட்டுங்கள். சேலை விற்பனைக்கே ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு சுற்றுகிற ஊர் இது.

3. வருடத்தின் முதல் அழைப்பு நல்ல சேதிக்காக மட்டும் இருக்கட்டும்.

4. நூறு பேருக்குப் பொதுவாகப் பிரசங்கம் வேண்டாம். ஆளுக்குப் பத்து நிமிஷம். சட்டம் சொன்ன நாலே விஷயம்: வருகை, திறன், முன்னேற்றம், மற்றது. மார்க்கை எண்ணில் சொல்லுங்கள், பிள்ளையை ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லி அம்மாவைக் கேட்கவிடுங்கள். அதுதான் ஆர்ச்.

5. ஆச்சி வந்தாலும் பெற்றோர்தான். துபாயில் இருக்கும் அப்பாவுக்கு வீடியோ கால் போதும்.

6. ஆறாம் வகுப்பில் சேரும் அன்றே உதவித்தொகை, ஒதுக்கீடு, தேதிகள் எல்லாம் அடங்கிய ஒற்றைத் தாள், தமிழில்.

இதில் எதற்கும் புதுச் சட்டம் வேண்டாம், பெரிய நிதியும் வேண்டாம். வேண்டியது ஒரே ஒரு வாக்கியத்தை மாற்றுவது. "நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வா" என்பதற்குப் பதிலாக, "அப்பா அம்மாவுக்கு எப்போ தோதுப்படும்னு கேட்டுட்டு வா."

டிஸ்கி: சாயங்காலம் வீடு தேடிப் போய், திண்ணையில் உட்கார்ந்து, சுளகை நகர்த்திவைத்து அம்மாக்களோடு பேசிவிட்டு வருகிற ஆசிரியர்களும் இதே மாவட்டத்தில் இருக்கிறார்கள். மேலே எழுதிய எதுவும் அவர்களுக்கு இல்லை. அவர்கள் தனியாகச் செய்வதை எல்லாப் பள்ளியும் செய்ய வேண்டும் என்பதுதான் மொத்தச் சண்டையும்.